நட்சத்திரம் போட்ட கேள்வி

18.1.1987, ஞாயிறு. தாம்பரம்

பொங்கல் முடிந்த கையோடு வாசலில் குடங்கள். மனு கொண்டுவருவார்கள் என்று நாற்காலி போட்டுவைத்திருந்தேன். அஸ்தினாபுரம் பெண்கள் மனுவுக்குப் பதில் காலிக் குடங்களைக் கொண்டுவந்து கேட்டிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசையாக வைத்துவிட்டார்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எம்.பி.யாக இருந்துகொண்டு நான் அதைச் சொல்ல முடியுமா?

எல்லோருக்கும் முன்னால் நின்றவள் லோகநாயகி. அங்கே மகளிர் சங்கம் நடத்துகிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பேச்சும் அப்படித்தான். "அக்கா, லாரி வாரத்துல ரெண்டு நாள் வருது. நாங்க ஏழு நாளும் தண்ணி குடிக்கிறோம். மீதி நாளுக்கு என்ன பண்றதுன்னு நீங்க டெல்லியில கேட்டுச் சொல்லுங்க."

சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. பட்டணத்துக்கு என்று வருகிற பணம் சென்னை எல்லையோடு நின்றுவிடுகிறது. கிராமத்துக்கு என்று வருகிற பணம் எங்களைத் தாண்டித் தெற்கே போய்விடுகிறது. நடுவில் இருக்கும் நாங்கள் இரண்டிலும் சேர்த்தி இல்லை. ரயிலில் தொங்கிக்கொண்டு போய் வேலை செய்யும்போது மட்டும் பட்டணத்துக்காரர்கள்.

எம்.பி. ஆகி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. சபையில் இரண்டு தடவை பேசியிருக்கிறேன். இரண்டும் எழுதிக் கொடுத்ததைப் படித்தது. கேள்வி என்று ஒன்றும் கேட்டதில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்ற சேலையூர்த் தையல்நாயகிக்கு அந்தப் பெரிய கூடத்துக்குள் நுழைந்தாலே பின்வரிசையில் போய் உட்காரத்தான் தோன்றுகிறது. இன்றைக்கு என்ன தைரியமோ, "வர்ற கூட்டத்துல கேக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

இவர் எங்கள் பெயிண்ட், சிமெண்டு கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "இன்னா தையலு, கொடத்த எல்லாம் அப்படியே காலியா திருப்பி அனுப்புவியா? நம்ம கெணத்துல தண்ணி கீது இல்ல, ஆளுக்கு ஒண்ணு குடு." கொடுத்தோம். மத்தியானத்துக்குள் கிணற்றில் சேறு வந்துவிட்டது. நாளைக்கு எங்கள் வீட்டுக்கும் லாரிதான்.

21.1.1987, புதன்

இன்று வந்தவர்களில் ஒரு ஜோடியை மறக்க முடியவில்லை. தசரதன், தாம்பரம் மின்ரயில் பணிமனையில் மெக்கானிக். பூர்வீகம் பொத்தேரி. அவன் மனைவி பச்சையம்மா மலேசியாவில் பிறந்தவள். ஈப்போ பக்கம் ரப்பர் தோட்டம். அத்தை மகனைக் கட்டிக்கொண்டு ஐந்து வருஷத்துக்கு முன் கப்பலில் வந்து இறங்கியவள்.

உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து, "பசியாறியாச்சாம்மா?" என்றாள். காலையில் இருந்து பேரும் மனுவுமாக இருந்த வீட்டில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். சாப்பிட்டிருக்கவில்லை. மூன்று பேரையும் உட்காரவைத்து இட்லி போட்டேன். மூன்றாவது ஆள் அவர்களுடைய மூன்று வயதுப் பெண். வயிற்றில் இன்னொன்று.

அவள் கையில் இருப்பது மலேசிய பாஸ்போர்ட். இதுவரை வருஷா வருஷம் இங்கேயே விசாவை நீட்டித்துக் கொடுத்துவந்தார்கள். இந்த வருஷம் புதிதாக ஒரு சுற்றறிக்கையாம். ஏப்ரல் முடிவோடு விசா தீர்கிறது, ஊருக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கிடைக்க நாலு மாதம் ஆகலாம், ஆறும் ஆகலாம்.

"இவளுக்கு மே கடைசியில டெலிவரின்னு சொல்லிகீறாங்கம்மா" என்றான் தசரதன். "அங்க யாருமே இல்ல. இன்னா பண்றதுன்னே தெரியல."

"அப்பா செத்துட்டாரு. தோட்டத்தை வித்துட்டாங்க, லயத்து வீட்டை எல்லாம் இடிச்சிட்டாங்க லா" என்றாள் அவள். 'லா' அந்த ஊர்ப் பேச்சு. "போயி இறங்குனா எங்கம்மா நிக்கிறது? இந்தப் பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டுப் போறது?"

அழவில்லை. குழந்தைக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

25.1.1987, ஞாயிறு

குன்றத்தூர் போய் வந்தோம். படியேறி மேலே நின்றால் நல்ல காற்று. இவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "முருகன் எம்.பி.யா இருந்தா மலைக்கு லிப்ட் கேட்டிருப்பாரு" என்றார். வரும் வழியில் பட்டாணி சுண்டல்.

24.2.1987, செவ்வாய். டெல்லி

ரயிலில் வந்து இறங்கியதும் குளிர். சால்வையைத் தலைவரைக்கும் சுற்றிக்கொண்டேன்.

லக்ஷ்மிநாராயணன் சார் இரண்டு கேள்விகளையும் தயார் செய்து வைத்திருந்தார். மத்திய சர்க்கார் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், என் உதவியாளர். அவருடைய ஆங்கிலம் நீளம். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் முடிவதற்குள் காபி ஆறிவிடும்.

ஒன்று தண்ணீர்: சென்னையை ஒட்டிய ஊர்களுக்குக் குடிநீருக்கு என்ன ஒதுக்கினீர்கள், இல்லையென்றால் ஏன். இன்னொன்று விசா: இந்தியரை மணந்த வெளிநாட்டுப் பெண்களை நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வரச்சொல்வது ஏன்.

இரண்டுக்கும் நட்சத்திரக் குறி கேட்டு எழுதிக் கொடுத்தோம். நட்சத்திரம் போட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், நாம் துணைக்கேள்வி கேட்டு மடக்கலாம். நட்சத்திரம் இல்லையென்றால் அச்சடித்த பதில் வரும், அவ்வளவுதான். யாருக்கு நட்சத்திரம் என்பது குலுக்கலில்.

"தண்ணிக்கு விழணும் சார்" என்றேன்.

"குலுக்கலுக்குத் தொகுதி தெரியாது மேடம்" என்றார்.

9.3.1987, திங்கள்

விசாவுக்கு விழுந்திருக்கிறது. பதினெட்டாம் தேதிப் பட்டியலில் மூன்றாவது. தண்ணீருக்கு எழுத்துமூலப் பதில் மட்டும்.

சந்தோஷப்படுவதா? பச்சையம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது, சந்தோஷமாக இருந்தது. குடங்கள் நினைவுக்கு வந்தன, இல்லை.

11.3.1987, புதன்

சாயங்காலம் இவர் போன் செய்தார். விஷயம் ஊருக்குள் தெரிந்துவிட்டது. லோகநாயகி கடைக்கே வந்து, "தண்ணிய விட்டுட்டு எங்கேயோ இருக்கற ஊர்க்காரிக்காகக் கேக்கப் போறாங்களாமே?" என்று கேட்டிருக்கிறாள். கடையில் பெயிண்ட் வாங்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்களாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் இன்னாத்த சொல்றது? ரெண்டு கிலோ ஆணி எடைபோட்டுகினு இருந்தேன்."

அதற்குப் பிறகு வந்தது எங்கள் கட்சி மாவட்டச் செயலாளர் சுப்பராயலுவின் அழைப்பு. எனக்கு சீட்டு வாங்கிக் கொடுத்தவர். அதை நான் மறந்தாலும் அவர் மறக்க விடமாட்டார்.

"தங்கச்சி, கூட்டணி நேரம். விசா விஷயத்துல டெல்லிக்காரங்க முகம் சுளிக்கிறாங்க. அந்தப் பொண்ணுக்கு இங்க ஓட்டு கூடக் கிடையாது. கேள்வியை வாபஸ் வாங்கிடு."

"தண்ணி அண்ணா?"

"நீ அதை விடு, நான் தண்ணிக்குப் பேசி வாங்கித் தரேன். வாக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவர் வாக்குக் கொடுத்தால் காப்பாற்றக் கூடியவர். அதுதான் கஷ்டம்.

13.3.1987, வெள்ளி

லக்ஷ்மிநாராயணன் சார் ஒரு தாளைத் தட்டச்சு செய்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். 'கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' அவர் வாழ்க்கையில் எழுதிய மிகச் சின்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

போடலாமா? அஸ்தினாபுரம், பம்மல், சிட்லபாக்கம் என்று எத்தனை ஆயிரம் வீடு. இந்தப் பக்கம் ஒரே ஒருத்தி. எண்ணிப் பார்த்தால் எது பெரிசுன்னு சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும். தெரிஞ்சும் கை வரமாட்டேங்குதே. ஏன்? நான் என்ன பெரிய நியாயஸ்தியா? அவ என்னைப் பார்த்துச் சாப்பிட்டியான்னு கேட்டா, அதுக்காகவா? ஒரு இட்லிக்கு நான் விலைபோயிட்டேனா? அந்த இட்லியைப் போட்டவளே நான்தானே!

இல்லை, அதுவும் இல்லை. வாபஸ் வாங்கினால் அப்புறம் நான் அங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்ற கேள்விதான். எது கேட்கலாம் எது கேட்கக் கூடாது என்று சுப்பராயலு அண்ணன் சொல்லுவார் என்றால், அவரையே அனுப்பியிருக்கலாமே.

கடைசியில் ஒன்று செய்தேன். கடைக்கு டிரங்க் கால் போட்டு, லோகநாயகியைக் கூட்டிவரச் சொல்லி, மறுபடியும் போட்டேன். நடந்தது மொத்தத்தையும் மறைக்காமல் சொன்னேன். சுப்பராயலு சொன்னதையும் சேர்த்துத்தான். நான் வாபஸ் வாங்கினால் உங்களுக்குத் தண்ணீர் வரக்கூடும் லோகா, வாங்காவிட்டால் வராமலே போகலாம் என்று.

 லோகநாயகி கணக்கு டீச்சர் குரலில் கேட்க ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு எப்போ டெலிவரி?"

"மே கடைசி."

"மூத்தது?"

"மூணு வயசு."

 பின்னால் கடையில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கேளுங்கக்கா. ஆனா தண்ணியை மட்டும் விட்டீங்க, எல்லாக் குடத்தையும் எடுத்துக்கிட்டு டெல்லிக்கே வந்துடுவேன்."

போனை வைத்த பிறகு அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை. நல்ல அழுகைதான். தாளைக் கிழித்துவிட்டு ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

18.3.1987, புதன்

கேட்டுவிட்டேன்.

நடந்ததை முறையாக எழுதிவைக்கிறேன். பின்னால் படித்துப் பார்க்க வேண்டும்.

தமிழில் பேசப் போகிறேன் என்று காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்படிக் கொடுத்தால், மேலே கண்ணாடி அறையில் இருப்பவர் உடனுக்குடன் மொழிபெயர்த்துவிடுவார், எல்லோரும் காதில் கேட்டுக்கொள்வார்கள். நீலக் கரை போட்ட காஞ்சிபுரம் பருத்திச் சேலை. மகள் எடுத்துக் கொடுத்தது.

முதல் கேள்வி சர்க்கரை ஆலை. ஆளுக்கு ஆள் எழுந்து துணைக்கேள்வி. இரண்டாவது கேள்வி ஏதோ ஒரு விமான நிலையம். அதிலும் இழுபறி. பன்னிரண்டு அடித்தால் கேள்வி நேரம் முடிந்துவிடும், அப்புறம் மூன்றாவது கேள்விக்கு நட்சத்திரம் இருந்தும் பலனில்லை, அச்சடித்த பதிலோடு போய்விடும். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. ஒரு கட்டத்தில், பேசாமல் நேரம் முடிந்துவிட்டால் நன்றாயிருக்கும், யார்மேலும் பழியில்லை என்று கூடத் தோன்றியது. தோன்றியதை எழுதத்தானே வேண்டும்.

சபாநாயகர் என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து கேள்வியின் எண்ணைச் சொன்னேன். அமைச்சர், அறிக்கை ஒன்று சபையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விதி எல்லோருக்கும் பொது, தனிப்பட்டவர்களுக்காகத் தளர்த்த முடியாது, புதிய விசாவுக்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அவ்வளவுதான் அறிக்கை.

துணைக்கேள்வி என் முறை. சார் எழுதிக் கொடுத்தது கையில் இருந்தது, மூன்று உட்பிரிவு. முதல் வரியைப் படித்தேன், அது எங்கே போய் முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டேன்.

"அமைச்சர் அவர்களே, என் தொகுதியில் ஒரு பெண். புருஷன் இந்தியர், ரயில்வேயில் வேலை செய்கிறார். குழந்தை இந்தியக் குழந்தை. அவளுக்கு ஏப்ரலில் எட்டாவது மாதம். போய்விட்டு வா என்கிறீர்கள். எட்டு மாத வயிற்றோடு விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அவள் வந்த கப்பல் இப்போது ஓடுவதில்லை. அவள் எதில் ஏறிப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், நானே போய் வழியனுப்புகிறேன்."

கண்ணாடி அறைக்காரர் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் பிடித்திருக்கும். எனக்கு ஒரு யுகம். பிறகு சபையில் சிரிப்பு. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ என்று சுற்றிப் பார்த்தேன். இல்லை. எதிர் வரிசையில் ஒரு பெண் உறுப்பினர், வங்காளம் என்று நினைக்கிறேன், மேஜையைத் தட்டினார். அதற்கப்புறம் எங்கள் பக்கத்திலும் தட்டினார்கள்.

அமைச்சர் எழுந்து, முன்கூட்டியே போயிருக்கலாமே என்றார்.

எனக்கு இரண்டாவது துணைக்கேள்வி உண்டு. "முன்கூட்டிப் போனால் பிரசவம் அங்கே, அதுவும் தனியாக. விசா வர ஆறு மாதம் ஆகும் என்று உங்கள் அறிக்கையே சொல்கிறது. மூன்று வயதுக் குழந்தை இங்கே, தாய் அங்கே. இதைத்தான் விதி எதிர்பார்க்கிறதா? விதி எழுதியவர்கள் வீட்டில் பிரசவமே பார்த்ததில்லையா?"

கடைசி வரி சொல்லியிருக்கக் கூடாதோ? சொல்லிவிட்டேன். அமைச்சர் கோபப்படவில்லை. பின்னால் திரும்பி அதிகாரிகளிடம் ஏதோ கேட்டார், அவர்கள் ஒரு சீட்டை நீட்டினார்கள், அதைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாக, உறுப்பினர் விவரம் கொடுத்தால் இந்த விஷயத்தைப் பார்க்கிறேன், இப்படிப்பட்ட மனைவிமார் எல்லோருக்குமாக விதியை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறேன் என்றார்.

பன்னிரண்டு அடித்தது.

வெளியே வந்ததும் லக்ஷ்மிநாராயணன் சார் நின்றுகொண்டிருந்தார். தான் எழுதியதை நான் படிக்கவில்லை என்று வருத்தமாக இருக்கும் என்று பயந்தேன். "மேடம், இனிமே நான் சின்ன வாக்கியமா எழுதறேன்" என்றார். காண்டீனில் இரண்டு பேரும் தயிர்வடை சாப்பிட்டோம். இவ்வளவு ருசியான தயிர்வடையை நான் சாப்பிட்டதில்லை.

19.3.1987, வியாழன்

தண்ணீர்க் கேள்விக்கு அச்சடித்த பதில். 'மாநில அரசிடமிருந்து திட்டம் எதுவும் வரப்பெறவில்லை. எனவே ஒதுக்கீடு பற்றிய கேள்வி எழவில்லை.'

எழவில்லையாம். அஸ்தினாபுரத்தில் தினம் விடியுமுன் எழுகிறதே.

20.3.1987, வெள்ளி

சுப்பராயலு போன் செய்யவில்லை. நான் செய்தேன். வெளியே போயிருக்கிறார் என்றார்கள். பின்னால் அவர் இருமுவது கேட்டது.

14.4.1987, செவ்வாய். தாம்பரம்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். அமைச்சரிடம் இருந்து ஒன்றும் வரவில்லை. விவரம் கொடுத்து நாலு வாரம் ஆகப்போகிறது. தசரதன் தினமும் வேலை முடிந்து கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்று இவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறானாம். 

ஊரில் நடக்கிற கட்சிக் கூட்டங்களுக்கு எனக்கு அழைப்பில்லை. சுவரொட்டியில் பெயரும் இல்லை. ஒரு வகையில் நிம்மதி. மாலை போட்டுப் போட்டுக் கழுத்தில் அரிப்பு வந்திருந்தது, இப்போது இல்லை.

24.4.1987, வெள்ளி

வந்துவிட்டது! வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலேயே கூப்பிட்டுக் கொடுத்தார்களாம். ஒரு வருஷம் நீட்டிப்பு, வெளியே போக வேண்டாம். பச்சையம்மா, தசரதன், குழந்தை மூன்று பேரும் மின்ரயிலை விட்டு இறங்கி நேராக இங்கேதான் வந்தார்கள். அவள் படியேறும்போதே மூச்சு வாங்கிக்கொண்டு, "அம்மா, பசியாறியாச்சா?" என்றாள். ஆகியிருந்தது. ஆகவில்லை என்று சொல்லி அவர்களோடு மறுபடியும் சாப்பிட்டேன்.

தசரதன் காலில் விழ வந்தான். இவர் தோளைப் பிடித்து நிறுத்தி, "யோவ், அதெல்லாம் இன்னாத்துக்கு? வூட்டுக்கு வெள்ளையடிக்கறப்ப நம்ம கடையில வாங்கு, போதும்" என்றார்.

2.5.1987, சனி

சேப்பாக்கத்தில் குடிநீர்ப் பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். கோபமாகத்தான் போனேன், டெல்லிக்கு ஏன் திட்டம் அனுப்பவில்லை என்று. நல்ல மனிதர், மோர் வரவழைத்தார். "ஊருக்கு ஊர் தனித்தனியா கேக்கறாங்கம்மா. ஒரு ஊருக்காகப் பாலாத்துல இருந்து குழாய் போட முடியாது. எல்லா ஊரும் சேர்ந்து ஒரே தீர்மானமா கொண்டாங்க, நான் திட்டம் போடறேன்."

இந்த ஊர்கள் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

லோகநாயகியிடம் சொன்னேன். "அவ்வளவுதானே? கூட்டல்தானேக்கா" என்றாள்.

31.5.1987, ஞாயிறு

பச்சையம்மாவுக்கு ஆண் குழந்தை. சுகப் பிரசவம். பெண்ணாகப் பிறந்திருந்தால் என் பெயரை வைத்திருப்பார்களாம். நல்லவேளை. இந்தக் காலத்தில் தையல்நாயகி என்று ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் என்ன பாடுபடும்!

28.6.1987, ஞாயிறு

நானும் லோகநாயகியும் ஒவ்வொரு ஊராகப் போகிறோம். அவளுக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, சில நாள் பஸ்ஸில், சில நாள் இவருடைய கடை வேனில் சிமெண்டு மூட்டைக்கு நடுவே. ஒரு ஊர்த் தலைவர் பக்கத்து ஊரோடு சேரமாட்டேன் என்கிறார், ஏரிக்கரைச் சண்டை. இன்னொருவர் தன் ஊர்ப் பெயர் தீர்மானத்தில் முதலில் வரவேண்டும் என்கிறார். லோகநாயகி அகர வரிசையில் போடலாம் என்று சொல்லித் தீர்த்துவைத்தாள். அவர் ஊர் கடைசியில் வந்தது, ஆனால் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ரொம்பச் சிரித்தோம். இந்த வயதில் ஒரு சிநேகிதி கிடைப்பாள் என்று நினைக்கவில்லை.

22.7.1987, புதன்

அமைச்சகத்தில் இருந்து சுற்றறிக்கையின் நகல் வந்தது. இந்தியரை மணந்தவர்கள் விசாவை இங்கேயே நீட்டித்துக்கொள்ளலாம். எல்லோருக்கும். லக்ஷ்மிநாராயணன் சார் நான்கு தடவை படித்துக் காட்டினார்.

12.8.1987, புதன். டெல்லி

எல்லா ஊர்களும் சேர்ந்து போட்ட தீர்மானம் திட்டமாகி டெல்லி வந்து சேர்ந்துவிட்டது. இன்று எழுந்து கேட்டேன், தாள் இல்லாமல். பரிசீலனையில் இருக்கிறது என்றார் அமைச்சர். எழாத கேள்வி பரிசீலனை வரைக்கும் எழுந்துவிட்டது.

10.9.1989, ஞாயிறு. தாம்பரம்

அஸ்தினாபுரத்தில் இன்று குழாயில் தண்ணீர் விட்டார்கள். நினைத்ததில் பாதிதான், ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். ஆனாலும் பாலாற்றுத் தண்ணீர்.

சுப்பராயலு அண்ணன்தான் திறந்துவைத்தார். மேடையில் என் பெயர் இல்லை, கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். லோகநாயகி யாரிடமும் கேட்காமல் மேடையில் இருந்தே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து எனக்குப் போட்டாள். அண்ணன் பார்த்தார்.  போகும்போது என் பக்கத்தில் நின்று, "தண்ணி கொஞ்சம் உப்பா கீதா தங்கச்சி?" என்றார்.

"நல்லாதான் இருக்குண்ணா."

"ம்" என்று போய்விட்டார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பேசிய பேச்சு.

27.10.1989, வெள்ளி

வேட்பாளர் பட்டியல் வந்தது. நான் இல்லை. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது வந்தாலும் கொஞ்ச நேரம் வலிக்கத்தான் செய்கிறது. பேப்பரை இரண்டு தடவை பார்த்தேன், அச்சுப்பிழையாக இருக்குமோ என்று!

இவர் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து முறுக்குப் பொட்டலத்தை மடியில் போட்டார். "பேஜாரா கீதா?"

"கொஞ்சம்."

"சரி, நாளைக்கு வேணாம். நாளன்னிக்கு கடைக்கு வா. எனக்கு இந்தப் பெயிண்டு கலர் எல்லாம் கண்ணு தெரிய மாட்டேங்குது."

8.4.1990, ஞாயிறு

வெயில் ஆரம்பித்துவிட்டது. கடையில் நானும் இவரும். காலையில் பம்மலில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள், ஐம்பது வயதிருக்கும். வீடு முழுக்க டிஸ்டெம்பர் அடிக்க வேண்டுமாம். என்னை யாரென்று தெரியவில்லை.

"கல்யாணமா?" என்று கேட்டார் இவர்.

"பையனுக்கு சார், வைகாசியில. பொண்ணு பினாங்கு. மலேசியா."

நான் வண்ண அட்டையில் இருந்து நிமிர்ந்தேன். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. "விசாவுக்கு என்ன பண்ணப்போறீங்க?"

"அதுல ஒண்ணும் கஷ்டமே இல்லையாமே" என்றாள் அந்த அம்மாள். "வருஷா வருஷம் இங்கயே போட்டுக் குடுத்துடுவாங்களாம். எப்பவுமே அப்படித்தானாம். கல்யாண புரோக்கர் சொன்னாரு."

இவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று தெரியும். மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். இருமுவது போல் செய்துவிட்டு எடைக்கல்லைத் துடைக்கப் போய்விட்டார்.

"எப்பவுமே அப்படித்தான்" என்றேன்.

அவர்கள் அடர்மஞ்சள் கேட்டார்கள். தெற்கு வெயில் விழுகிற சுவர் என்றால் ஒரே வருஷத்தில் வெளுத்துவிடும், வேண்டாம் என்று சொன்னேன். ரொம்ப நேரம் அட்டையைப் புரட்டி, மருமகளுக்குப் பிடிக்கும் என்று இளம்பச்சை வாங்கிக்கொண்டு போனார்கள்.